சீதனக் கார்

எங்கள் ராத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வாப்பா கொடுத்த சீதனம் இரண்டு. ஒன்று, நாங்கள் குடியிருந்த கல்வீடு. மற்றது, வாப்பா பல வருடமாக வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஹயர் கார். வீட்டால் ஒரு கரைச்சலும் வரவில்லை; ராத்தா இன்றைக்கும் அதில்தான் இருக்கிறாள். கரைச்சல் எல்லாம் காரால் வந்தது. அதைச் சொல்லப் போனால் இடையிடையே எனக்குக் கோபம் வரும். யாரோடு கோபம் என்று கேட்காதீர்கள், இத்தனை வருடத்தில் எனக்கே அது பிடிபடவில்லை.

சாய்ந்தமருதில் பெண்பிள்ளை கலியாணம் முடித்தால் அவள் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குரியதாகிவிடும். பெற்றவர்கள் குசினிப் பக்கம் ஓர் அறையை இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். கலியாணத்துக்கு முதல் நாள்வரை நடு மண்டபத்தில் சாய்மனைக் கதிரையில் கால்நீட்டிக் கிடந்த வாப்பா, அடுத்த கிழமையிலிருந்து அதே மண்டபத்துக்குள் இருமிக்கொண்டு வந்தார். ஆள் வருவது மருமகனுக்குத் தெரிய வேண்டுமாம். எனக்கு அது பெரிய வேடிக்கை. நானும் அவருக்குப் பின்னால் இருமிக்கொண்டு போவேன். உம்மா காதைத் திருகுவாள்.

உம்மாவும் மச்சானும் பேசுவதே கிடையாது. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. கதவு மறைவில் நின்று, “சோறு ஆறப்போகுது” என்று உம்மா சுவருக்குச் சொல்லுவாள். மச்சானும், “இந்தா வாறன்” என்று சுவருக்கே பதில் சொல்லுவார். மாமனும் மருமகனும் பேசுவதற்குத் தடையில்லை. ஆனால் எங்கள் வீட்டில் வாய்த்த இருவரும் கூச்சக்காரர்கள். சலாம் சொல்வார்கள், சுகம் கேட்பார்கள், அதோடு இருவருக்கும் கதை முடிந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டில் முன்வீட்டுக்கும் குசினிக்கும் இடையே கதை கொண்டுபோக ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே ஒப்புவிப்பேன் என்று எனக்கு நல்ல பெயர்.

மச்சான் மருதமுனைக்காரர். வீட்டில் எல்லாரும் தறியில் இருக்க, இவர் மட்டும் போய் வயற்காட்டில் ட்ராக்டர் ஓட்டியவர். எஞ்சின் என்றால் அவருக்கு ஒரு பிரியம். எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரில் இளந்தாரிகள் வாய் திறந்தால் சவூதிதான். மச்சானுடைய காக்கா ஏற்கெனவே அங்கே லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மச்சானுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. சொந்தமாக ஒரு கார் கையில் இருந்து, அது ஒழுங்காக ஓடினால், கல்முனைச் சந்தியில் நிறுத்தி ஹயர் ஓட்டிப் பிழைத்துக்கொள்வேன் என்று ராத்தாவுக்குச் சொல்லியிருந்தார். கார் ஓடினால் நிற்பார், ஓடாவிட்டால் போவார். இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ராத்தா தொழுகையில் கையேந்தும்போது காருக்கும் சேர்த்துத்தான் துஆ கேட்டாள். அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

அந்தக் கார் ராத்தாவை விட வயதில் மூத்தது. கறுப்பு நிறம். வாப்பா கையில் இருந்த காலத்தில் அது வழியில் நின்றதாக ஒருவரும் சொன்னதில்லை. அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் போய்வரும். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்களை வைத்துக்கொண்டு பறக்கும். “கார் எண்டா அது கார்” என்று ஊரில் பேச்சு. அதை நம்பித்தான் மச்சான் வீட்டாரும் சம்மதித்தார்கள்.

நான் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஓதப்பள்ளிக்குப் போகிறவள். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு விடியலில், குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் கடப்படியால் வெளிக்கிடும்போது, காருடைய பொனட் பாதி திறந்து கிடப்பதைக் கண்டேன். உள்ளே தலையை விட்டபடி வாப்பா நின்றார். பள்ளிவாசலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், தொப்பிகூடக் கழற்றவில்லை. பெட்டரியில் ஒரு தடித்த வயரை மாட்டி விரலால் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கறுத்த மூடியில் அழுத்தித் தேய்த்தார். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற மூடி அது என்று பிறகுதான் அறிந்தேன்.

“என்ன வாப்பா செய்றீங்க?”

திடுக்கிட்டுப் போனார். பிறகு என்னைக் கண்டதும் மூச்சு விட்டார். “காரும் ஒறங்கணும்தானே மகள். இஷாவுக்குப் புறகு கம்பியக் கழட்டி உட்டாத்தான் அது ஒறங்கும். விடியக் காலைல மாட்டி எழுப்புறன்.”

“மெழுகுதிரி?”

“அது மருந்து.” பொனட்டைச் சத்தமில்லாமல் அமர்த்தினார். “மச்சானுக்கு இதெல்லாம் சொல்லத் தேவல்ல, என்ன?”

நான் தலையாட்டினேன். சொல்லத் தேவையில்லை என்றால் நான் சொல்லமாட்டேன். சொல்லச் சொன்னதைச் சொல்வதுதானே என் வேலை.

விஷயம் இதுதான். காரில் எங்கோ ஒரு வயர் தேய்ந்து, கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. எஞ்சின் நிற்கும்போதும் அது பெட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரவில் கம்பியைக் கழற்றி வைத்தால்தான் விடியும்போது பெட்டரியில் உயிர் இருக்கும். அந்தக் கறுத்த மூடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. கடலோரத்து உப்புக் காற்றில் அதற்குள் ஈரம் ஏறினால் எஞ்சின் விட்டு விட்டு அடிக்கும். மெழுகைத் தேய்த்து விட்டால் ஒரு நாளைக்குத் தாங்கும். காருடைய இந்த இரண்டு நோய் வருத்தங்களும் வாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக அவற்றோடு குடித்தனம் செய்தவர். அவருக்கு அது கோளாறாகவே தோன்றியிருக்காது, காருடைய குணம் என்று நினைத்திருப்பார். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த பிறகுதான் அது கோளாறாகப் போய்விட்டது.

உம்மாவுக்கும் தெரியும். ஒரு நாள் குசினியில் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். “மருமகன்ட்டச் சொல்லிப் போடுங்களன். ஆம்புளப் புள்ளதானே, தானே கழட்டி மாட்டிக்குவாரு.”

“கலியாணம் முடிஞ்சு கைல மருதோண்டி அழியல்ல,” என்றார் வாப்பா. “அதுக்குள்ள, நான் தந்த கார் நோஞ்சான் கார் எண்டு சொல்லவா? அவங்கட ஊட்டுல என்ன நினைப்பாங்க? ஏமாத்திப் போட்டான் எண்டு சொல்லமாட்டாங்களா?”

“இப்படிக் களவாப் போய்க் கழட்டி மாட்டினா மட்டும்?”

உம்மா கழுவின தண்ணீரை வாழையடியில் ஊற்றப் போய்விட்டாள்.

முதல் கொஞ்ச நாட்கள் கார் மணியாக ஓடியது. மச்சான் விடிந்ததும் போய் உட்கார்ந்து திறப்பைத் திருப்புவார், அது அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். சந்தியில் அவருக்குப் பெயர் வரத் தொடங்கியது. ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, “மச்சி, மாமாட்டப் போய்ச் சொல்லுங்க, காரு தங்கம் எண்டு மருமகன் சொன்ன எண்டு,” என்றார். நான் ஓடிப் போய் ஒப்புவித்தேன். வாப்பா சிரித்தார், ஆனால் நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். ராத்தாவின் முகத்தில்தான் உண்மையான சந்தோஷம். கலியாணக் கொண்டையோடு வீட்டுக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னால், மச்சான் காரைக் கழுவி எடுப்பதென்று முடிவுசெய்தார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரிலேயே அவ்வளவு துப்புரவான ஆள் கிடையாது. பொனட்டைத் திறந்து பார்த்தவர், பெட்டரிக் கம்பி லொடலொடவென்று ஆடுவதைக் கண்டார். “இதென்ன, கையால கழண்டு வருது,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினார், கிறீஸ் பூசினார், ஸ்பானர் போட்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கினார். பிறகு ஒரு சீலைத் துண்டைப் பெற்றோலில் நனைத்து எஞ்சின் முழுவதையும் துடைத்தார். கறுத்த மூடியையும் கழற்றி உள்ளும் புறமும் துடைத்தார். வாப்பாவின் மருந்து முழுவதும் சீலையோடு போய்விட்டது.

குசினி வாசலில் நின்று வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இருமினார். மச்சான் மரியாதையாக எழுந்து நின்றார். வாப்பா, “ஜும்ஆவுக்கு நேரமாகுது,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு இஷாவுக்குப் பிறகு வாப்பா போய்க் கம்பியைத் திருகிப் பார்த்திருக்கிறார், அசையவில்லை. ஸ்பானர் எல்லாம் காருக்குள், திறப்பு மச்சானிடம். மனுஷன் உம்மாவின் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு போய் முயன்று, பாக்குவெட்டியின் நுனியை உடைத்துக்கொண்டு வந்தார்; அதன் பிறகு மெழுகோடும் அந்தப் பக்கம் போகவில்லை. உம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கன நாள் புலம்பினாள்.

காலையில் கார் செத்துக் கிடந்தது. திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம், அவ்வளவுதான். ஹோர்னை அமத்தினால் அது முனகியது. அயல்வீட்டுப் பொடியன்கள் கூடித் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். ஒரு வழியாகப் பிடித்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. நாலு சிலிண்டரில் ஒன்று வேலைக்கு வராமல் நின்றுவிட்டது. கார் குலுங்கிக் குலுங்கி நொண்டிக்கொண்டு சந்திக்குப் போனது.

மச்சான் பெட்டரியைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, கல்முனையில் சார்ஜ் ஏற்றும் கடைக்குக் கொண்டுபோனார். கொண்டுவந்து மாட்டினார், ஓடியது. ஒன்றிரண்டு நாளில் மறுபடியும் படுத்துவிட்டது. என்னை அனுப்பினார்: “மாமாட்டக் கேட்டுட்டு வாங்க மச்சி, இந்தப் பெட்டரி போட்டு எவ்வளவு காலமாம் எண்டு.” வாப்பா சிறிது யோசித்து, “பழசுதான், புதுசு ஒண்டு நான் எடுத்துத் தாறன் எண்டு சொல்லு,” என்றார். சொன்னபடியே புதுப் பெட்டரி வாங்கிக்கொண்டு வந்து முன்வாசலில் வைத்துவிட்டு இருமினார். கம்பியைப் பற்றியோ மூடியைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. புதுப் பெட்டரி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதானே இருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆடி அமாவாசை வந்தது. பெரியநீலாவணையில் ஓர் ஐயா இருந்தார்; இறந்துபோன தன் தகப்பனுக்குத் தீர்த்தமாட ஒவ்வொரு வருடமும் வாப்பாவின் காரில்தான் குடும்பத்தோடு அக்கரைப்பற்றுக்கு அப்பால் இருக்கிற திருக்கோவில் ஊருக்குப் போவார். இந்த முறையும் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனார். மச்சானுக்கு அது பெரிய ஹயர், மாமாவின் பழைய ஆட்கள் வேறு. விடியற்காலையில் தொப்பி போட்டுக்கொண்டு, காருக்கு முன்னால் நின்று பிஸ்மி சொல்லி ஏறினார். ராத்தா திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பெட்டரி அன்றைக்குக் கொஞ்சம் கருணை காட்டியது, கார் புறப்பட்டுவிட்டது.

அக்கரைப்பற்றில் பூவும் பழமும் வாங்க ஐயா காரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிறுத்தினதுதான் பிழை. திரும்பத் திறப்பைத் திருப்பினால் ‘டக்’. ஆட்கள் தள்ளினார்கள். விடியற்காலை ஈரத்தில் எஞ்சின் தும்மித் தும்மி அணைந்தது. ஐயா வீட்டார் இறங்கி, சனம் பிதுங்கி வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். திட்டவில்லை. ஏறுவதற்கு முன்னால் ஐயா மச்சானின் தோளில் கைவைத்து, “தம்பி, உங்கட மாமா சட்டைப் பைக்குள்ள ஒரு மெழுகுதிரித் துண்டு வெச்சிருப்பார். ஈரமான நாளெண்டா இறங்கி எஞ்சின்ல பூசிப்போட்டுத்தான் ஓடுவார். உங்களுக்குச் சொல்லல்லியா?” என்று கேட்டிருக்கிறார்.

பின்னேரம் ஒரு ட்ராக்டர் காரை இழுத்துக்கொண்டு வந்து கடப்படியில் விட்டது. மச்சான் சாப்பிட்டு முடித்து, ஐயா சொன்னதை ராத்தாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்தபடிதான் சொன்னார். ராத்தா சிரிக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் மச்சான் காருக்குள்ளேயே கிடந்தார். சந்திக்குப் போகவில்லை. எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு. ஓதப்பள்ளி விட்டு வந்ததும் போய்க் குந்திக்கொள்வேன். முதலில் பெட்டரிக் கம்பியைக் கழற்றி, அதற்கும் பெட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பைத் தொடுத்தார். கார் நிற்கிறது, லைட் ஒன்றும் போடவில்லை, ஆனாலும் பல்ப் மங்கலாக எரிந்தது.

“பாத்தீங்களா மச்சி, கார் ஒறங்கக்குள்ளயும் ஆரோ களவாக் குடிக்கிறான்.”

ஒவ்வொரு வயராகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். பின்லைட்டுக்குப் போகிற வயரைக் கழற்றியதும் பல்ப் அணைந்தது. பின் சீற்றைத் தூக்கினால், அந்த வயர் தோலுரிந்து இரும்பில் பட்டுக்கொண்டு கிடந்தது. அதைக் கண்டபோது மச்சான் அந்த வயரை விரலால் தடவிக்கொண்டு குந்திவிட்டார். கள்ளனைப் பிடித்தும் இவர் ஏன் சந்தோஷப்படவில்லை என்று நான் நினைத்தேன்.

பிறகு காரைத் தள்ளி எஞ்சினைப் பிடிக்கவைத்து, ஓடவிட்டபடியே பிளக் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். முதலாவதை இழுத்தால் எஞ்சின் இன்னும் தடுமாறியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை இழுத்தபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “இவன்தான் வேலைக்கு வாறதில்ல,” என்றார். பிளக்கை மாற்றினார், அப்போதும் மூன்றாவதுதான் முடங்கிக் கிடந்தது. மக்ரிபுக்குப் பாங்கு சொல்லி வெளிச்சம் மங்கும் நேரத்தில், எஞ்சினை ஓடவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காட்டினார். கறுத்த மூடியின் மேலே நீல நிறத்தில் ஒரு நூல் நெளிந்து நெளிந்து ஓடியது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி அந்த வெடிப்பு வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது அவ்வளவு அழகாகத் தெரிந்தது. இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டேன்.

இரண்டு நோயும் பிடிபட்டுவிட்டன. வயருக்குப் பட்டி சுற்றியாகிவிட்டது. மூடி ஒன்று கொழும்பிலிருந்து எடுப்பித்தால் போதும். கார் ஓடப்போகிறது, ஆகவே மச்சான் நிற்கப்போகிறார். ராத்தாவின் முகம் தெளிந்திருந்தது. நான் என் கணக்குப்படி எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்தேன்.

கை கழுவி, தொழுதுவிட்டு வந்து, மச்சான் என்னைக் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

“மச்சி, மாமாட்டக் கேட்டுட்டு வாங்க. இந்தக் கார்ல இப்படி இப்படி வருத்தம் இரிக்கி எண்டு மாமாக்கு முன்னமே தெரியுமா எண்டு.”

நான் குசினிக்கு ஓடினேன். வாப்பா தொழுத பாயிலேயே இருந்தார். கேள்வியை ஒப்புவித்தேன். உம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். வாப்பா தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்து மடித்தார், பிறகு விரித்தார்.

“எனக்குத் தெரியா எண்டு சொல்லு. என்ட கைல இரிக்கக்குள்ள நல்லாத்தான் ஓடின எண்டு சொல்லு.”

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருவது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிவிடும்? மச்சான் கண்டுபிடித்து முடித்துவிட்டார், ஐயா மெழுகுதிரிவரை சொல்லிவிட்டார். தெரியாமல் கேட்ட கேள்வியா அது? மாமா வாய் திறந்து, “ஓம் மருமகன், வெக்கத்துல சொல்லாம உட்டுட்டன்” என்று சொல்லட்டும் என்று வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் அந்த மனுஷன். அந்த வாசலை வாப்பா தன் கையாலேயே சாத்தினார். வாப்பா பொய் பேசுகிற ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, அதை அவ்வளவு மோசமாகப் பேசினார்.

பதிலைக் கொண்டுபோனேன். மச்சான், “ஓ,” என்றார். சற்று நேரம் கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளறையில் ராத்தாவின் வளையல் சத்தம் நின்றுபோயிருந்தது. பிறகு மச்சான், “இன்னொருக்காப் போறீங்களா மச்சி?” என்று கேட்டார். எனக்குப் போவதில் என்ன களைப்பு?

“மாமாட்டச் சொல்லுங்க, காக்கா சவூதிக்கு வரச் சொல்றாரு. நான் நிக்கிறதா போறதா எண்டு மாமாதான் சொல்லணும். மாமா சொல்ற மாதிரிச் செய்றன் எண்டு சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். அடுப்பில் கறி கொதிக்கிற சத்தம் கேட்டது. வாப்பா என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி சொன்னார்.

“அது மருமகன்ட விருப்பம் எண்டு சொல்லு.”

உம்மா அகப்பையைப் போட்டுவிட்டு வந்தாள். “நில்லுங்க எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் நோகுமா உங்களுக்கு? புள்ள அங்க என்ன பாடு படுறாளோ.”

“எந்த மொகத்தோட சொல்ற?” என்றார் வாப்பா. “இவ்வளவையும் மறைச்சுப் போட்டு, இப்பயும் பொய்யச் சொல்லிப் போட்டு, எந்த மொகத்தோட அந்தப் புள்ளய நில்லுங்க எண்டு சொல்ற? அவர் நிண்டாப் போதும் எண்டுதான் நானும் துஆக் கேக்கிறன்.” பிறகு நான் நிற்பதைக் கண்டு, “நீ போ மகள், போய் நான் சொன்னதச் சொல்லு,” என்றார்.

நான் போனேன். மண்டபத்தின் நடுவில் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, “அது மருமகன்ட விருப்பம் எண்டு வாப்பா சொன்ன,” என்றேன்.

“சரி,” என்றார் மச்சான்.

கொழும்பிலிருந்து மூடி வந்தது. மச்சான் அதைப் போட்டு, பிளக்குகளையும் புதிதாக்கி, காரைத் தங்கமாக்கிவிட்டுத்தான் போனார். இரவில் கம்பியைக் கழற்றத் தேவையில்லை, மெழுகும் தேவையில்லை, ஒரு தட்டுத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். திறப்பை என்னிடம் கொடுத்து, “மாமாட்டக் குடுங்க,” என்றார். வாப்பா அதே காரை மறுபடியும் சந்தியில் நிறுத்தி ஓட்டினார். அது ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. சந்தியில் யாராவது காரைப் புகழ்ந்தால், “மருமகன் செஞ்சு தந்த,” என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாராம்.

மச்சான் இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவர். வருடங்கள் நீண்டுகொண்டே போயின. லீவில் வருவார், பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவருவார், போய்விடுவார். ராத்தாவின் மூத்த பிள்ளை வாப்பா என்று முதலில் கூப்பிட்டது எங்கள் வாப்பாவைத்தான். கடைசியாக மச்சான் சக்கரை வியாதியோடும் நரைத்த தாடியோடும் ஊரிலேயே நிற்பதற்கென்று வந்தபோது வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார். இருவரும் ஒரு நாளாவது உட்கார்ந்து மனம்விட்டுக் கதைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. நினைத்து என்ன செய்வது?

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு, மச்சான் “சரி” என்று எழுந்து வெளியே போன பிறகு, உள்ளறையிலிருந்து ராத்தா என்னைக் கூப்பிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

“வாப்பா வேற ஒண்டும் சொல்லல்லியா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு, தங்கச்சி. வேற ஒரு சொல்லாவது சொல்லல்லியா?”

சொல்லச் சொன்னது அவ்வளவுதான். மற்றது வாப்பா உம்மாவுக்குச் சொன்னது. அதை மச்சானிடம் கொண்டுபோகச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. “அவ்வளவுதான் சொன்ன,” என்றேன். ராத்தா கதவில் நெற்றியை வைத்து அழத் தொடங்கினாள். ஒரு சொல்கூட விடாமல் கொண்டுவந்தவளை நம்பாமல் இப்படித் திருப்பித் திருப்பிக் கேட்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.